அலைகளில் தொடங்குங்கள்: பள்ளி இயற்பியலைத் திருப்பிப் படித்த அனுபவம்

பள்ளி இயற்பியலைத் திருப்பிப் படிக்க உட்காருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: புத்தகத்தின் வரிசையை ஓரமாக வைத்துவிட்டு அலைகளில் தொடங்குங்கள். பூமி, விண்வெளி, அலைகள், கதிர்வீச்சு, ஆற்றல் எல்லாம் தனித்தனிப் பாடங்களாகத்தான் அச்சாகியிருக்கும். பிள்ளைகளும் தனித்தனியாகவே மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் பூமியின் நடுப்பகுதிக்கு யாரும் போய் வரவில்லை. மனிதன் தோண்டியதிலேயே ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அதன் ஆழமே 12 கி.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மையத்துக்கு இன்னும் 6,350 கி.மீ.க்கு மேல் பாக்கி. நட்சத்திரங்களின் கதையும் அதுவே. இரண்டைப் பற்றியும் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஏதோ ஓர் அலை வந்து சொன்னதுதான். அந்த அலை பிடிபடாவிட்டால் மற்ற பாடங்கள் வெறும் தகவல் பட்டியலாக நின்றுவிடும்.

நான் இயற்பியல் ஆசிரியை இல்லை. வணிகவியல் படித்துவிட்டுக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். தம்பி மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்த மாதங்களில், மாலை நேரத்தில் கூட உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று தம்பி சொன்னான். சரி என்றேன். பாடம் எனக்குப் பெரும்பாலும் மறந்துபோயிருந்ததால், என் கையில் இருந்தது ஒரே கேள்விதான்: "இது எப்படித் தெரிஞ்சது?" எந்த வரியைப் படித்தாலும் அதையே கேட்பேன், பூமியின் நடுப்பகுதியான கருவத்தைப் பற்றிப் படித்தபோதும்.

"அத்தை, அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்க. வெளிக்கருவம் திரவம், உட்கருவம் திண்மம். அவ்வளவு எழுதினா மார்க் வந்துரும்."

"சரிம்மா, எழுது. ஆனா திரவம்னு யாரு போய்ப் பாத்தாங்க?"

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலோடு பக்கங்களைப் புரட்டியதில்தான் அலைகள் பாடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அலைகளுக்கு ஒரு நீளமான சுருள்வில் போதும். விளையாட்டுச் சாமான்களோடு கிடைக்குமே, ஸ்லிங்கி, அதேதான். தரையில் இழுத்து வைத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டோம். முனையைப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டினால் ஒரு மேடு கிளம்பி மறுமுனைக்கு ஓடுகிறது. அது குறுக்கலை. முனையை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் சுற்றுகள் நெருங்கியும் விலகியும் ஒரு நெருக்கம் நகர்ந்து போகிறது. அது நெட்டலை. ஒலி இந்த இரண்டாவது வகை. நடுவில் ஏதாவது ஒரு சுற்றில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். அலை கடக்கும்போது நூல் ஆடும், கடந்ததும் பழைய இடத்திலேயே நிற்கும். அலை கொண்டுபோவது ஆற்றலை, பொருளை அல்ல என்ற வரியைப் பத்து முறை எழுதிப் பார்ப்பதைவிட அந்த நூலை ஒரு முறை பார்ப்பது மேல்.

அதே வில்லில் இன்னொன்றும் செய்து பார்க்க வேண்டும். அலையை வேகமாக ஓட வைக்கச் சொன்னேன். அவள் கையை வேகவேகமாக ஆட்டினாள். மேடுகள் நெருக்கமாக வந்தனவே தவிர, மறுமுனைக்கு முன்னதாகப் போய்ச் சேரவில்லை. வில்லை இன்னும் இழுத்து விறைப்பாக்கியதும்தான் வேகம் கூடியது. வேகத்தை முடிவு செய்வது ஊடகம். அதிர்வெண்ணை முடிவு செய்வது ஆட்டுகிற கை, அதாவது மூலம். அலைநீளம் இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டுத் தானாக அமைகிறது. வேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கி வருவது என்ற சூத்திரத்தை எல்லாரும் ஒப்பிப்பார்கள். எது யாருடைய சொத்து என்று கேட்டால்தான் திணறுவார்கள்.

கேள்வித்தாளில் மாட்டிவிடும் இடமும் அதுதான். 440 ஹெர்ட்ஸ் ஒலி காற்றிலிருந்து நீருக்குள் போகிறது, எது மாறும், எது மாறாது? காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்றால் அலைநீளம் 78 செ.மீ. நீரில் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர். அதே 440 ஹெர்ட்ஸ் அங்கே 3.4 மீட்டர் அலைநீளம் கொண்டதாகிவிடும். அதிர்வெண் அசையாது. ஒளி கண்ணாடிக்குள் போகும்போதும் இதே கதைதான். வேகமும் அலைநீளமும் குறையும், அதிர்வெண் அப்படியே இருக்கும். சாய்வாக நுழைந்தால் வளையும். ஒளிவிலகலைத் தனியாகப் படிக்கத் தேவையே இல்லாமல் போனது.

அலை வரைபடத்தில் ஒரு சின்னச் சூழ்ச்சி இருக்கும். கிடை அச்சில் தூரம் போட்டிருந்தால் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை இருப்பது அலைநீளம். நேரம் போட்டிருந்தால் அதே இடைவெளி அலைவு நேரம். படம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரியும். விடை எழுதுவதற்கு முன் அச்சின் பெயரைப் பென்சிலால் வட்டம் போடுவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். வீச்சு என்பது நடுக்கோட்டிலிருந்து முகடு வரை உள்ள உயரம், பள்ளத்திலிருந்து முகடு வரை அல்ல. இதையும் அப்போதே சேர்த்துக் குறித்துவிடலாம்.

இப்போது பூமிக்கு வருவோம். நிலநடுக்கத்தில் பாறைக்குள் இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. பி அலை நெட்டலை, எஸ் அலை குறுக்கலை. மேலோட்டுப் பாறையில் பி அலை நொடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ., எஸ் அலை 3.5 கி.மீ. என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டோம். நிலநடுக்கம் நடந்த இடம் 84 கி.மீ. தள்ளி இருந்தால் பி அலை 14 நொடியில் வரும், எஸ் அலை 24 நொடியில் வரும். இடையில் 10 நொடி. அதாவது இரண்டுக்கும் இடையே எத்தனை நொடி தாமதமோ, அதை 8.4-ஆல் பெருக்கினால் கி.மீ. கணக்கில் தூரம் வந்துவிடும். மின்னலைப் பார்த்துவிட்டு இடிச் சத்தம் வரும்வரை எண்ணி, மூன்று நொடிக்கு ஒரு கி.மீ. என்று சொல்வோமே, அதற்குப் பின்னால் இருக்கும் யோசனையும் இதுவே. ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் கிடைக்கும் இந்தத் தாமதம் தூரத்தை மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. அதனால் வரைபடத்தில் மூன்று நிலையங்களைச் சுற்றி மூன்று வட்டம் வரைய வேண்டும். மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையப்புள்ளி. மூன்று வட்டம் எதற்கு என்று புரிந்த பிறகு அந்தக் கேள்வி அவளுக்கு விளையாட்டாகிவிட்டது.

திரவத்துக்குப் பக்கவாட்டு விறைப்பு கிடையாது. ஒரு பக்கமாகத் தள்ளினால் அது வழிந்து போகுமே தவிர, பழைய வடிவத்துக்குத் திரும்பி இழுக்காது. அதனால் எஸ் அலை திரவத்துக்குள் போக முடியாது. பெரிய நிலநடுக்கம் ஒன்று நடந்தால், பூமியின் மறுபக்கத்தில் பரந்த ஒரு பகுதிக்கு நேரடி எஸ் அலை வந்து சேர்வதே இல்லை. ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே திரவம் ஒன்று நின்று அதை மறிக்கிறது. பி அலை உள்ளே நுழைந்துவிடும், ஆனால் எல்லையில் வளைந்து, வராமல் போகும் ஒரு நிழல் வளையத்தை விட்டுவைக்கும். அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய பி அலைகள் பதிவாகியிருப்பதைப் பார்த்துத்தான், நடுவே இன்னொரு கருவம் இருக்க வேண்டும் என்று டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் 1936-இல் சொன்னார். அவர் கையில் இருந்தது நிலநடுக்கப் பதிவுகள் மட்டுமே.

"அப்போ யாரும் போகல. அலைதான் போய்ட்டு வந்து சொல்லியிருக்கு," என்றாள். வெளிக்கருவம், உட்கருவம் படத்தை அதற்கப்புறம் அவள் பார்த்து வரையவில்லை. அலை எங்கே நிற்கும், எங்கே வளையும் என்று யோசித்துக்கொண்டே வரைந்தாள். கவசம் (மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையே உள்ள அடுக்கு), மேலோடு, தட்டு நகர்வு போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. படத்தோடு ஒரு முறை படித்தால் நின்றுவிடும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: கவசம் திண்மம். தட்டுகள் எரிமலைக் குழம்புக் கடலில் மிதப்பது போல ஒரு படம் பலர் மனதில் உண்டு. எஸ் அலை கவசத்தைத் தாராளமாகக் கடந்துபோகிறது, அதனால் அது கடல் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டு அளவில் மெல்ல நகரக்கூடிய பாறை.

விண்வெளிப் பாடத்தில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. கிரகங்களுக்கு எத்தனை துணைக்கோள் என்று மனப்பாடம் செய்வது வெட்டி வேலை. சனியின் எண்ணிக்கை புத்தகம் அச்சாகி வெளிவருவதற்குள் மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் அளவுகளை உடம்பால் உணர்ந்துவிடுவது நல்லது. பூமியை 10 செ.மீ. பந்து என்று வைத்துக்கொண்டால் நிலா 2.7 செ.மீ. உருண்டை. எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கை நீளத்துக்குள் வைப்பார்கள். சரியான இடம் 3 மீட்டர் தள்ளி. சூரியன் ஏறக்குறைய 11 மீட்டர் குறுக்களவு கொண்ட கோளம், 1.2 கி.மீ. தள்ளி. புத்தகப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் நெருக்கி வரைவதால்தான் கிரகணமும் நிலவின் வளர்பிறையும் குழம்புகின்றன.

நிலவின் பிறைகளுக்குக் காரணம் பூமியின் நிழல் என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். இருட்டறையில் ஒரு விளக்கு, கையில் ஒரு வெள்ளைப் பந்து, தலைதான் பூமி. பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால், பாதி எப்போதும் ஒளியில்தான் இருக்கிறது, நாம் பார்க்கும் கோணம்தான் மாறுகிறது என்று கண்ணே சொல்லிவிடும். பந்தைத் தலையின் நிழலுக்குள் கொண்டுவந்தால் அது சந்திர கிரகணம். இரண்டும் வேறு. மாதாமாதம் கிரகணம் வராததற்குக் காரணம் நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பது. பந்தைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தோமே, அந்தச் சாய்வுதான்.

பருவங்களுக்கு ஒரே ஒரு தகவல் போதும். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், 15.2 கோடி கி.மீ. வட அரைக்கோளத்தின் குளிர்காலம் அருகில் இருக்கும்போதுதான் வருகிறது. அப்புறம் தூரத்தைக் காரணமாக எழுத யாருக்கும் கை வராது. அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வெயில் விழும் கோணமும் பகலின் நீளமும் மாறுகின்றன. விடையில் இந்த இரண்டையும் எழுத வேண்டும். பலர் கோணத்தை மட்டும் எழுதிவிட்டுப் பகல் நீளத்தை விட்டுவிடுகிறார்கள்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்பது இன்னொன்று. நிலையம் இருப்பது 400 கி.மீ. உயரத்தில்தான். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. இரண்டையும் கூட்டி, மையத்திலிருந்து தூரம் கூடினால் அதன் இருமடிக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும் என்ற எதிர்த்தகவு இருமடி விதியில் போட்டால், அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் 88 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். பக்கவாட்டில் நொடிக்குச் சுமார் 7.7 கி.மீ. வேகம் இருப்பதால் விழ விழத் தரை வளைந்து விலகிப்போகிறது. இந்தக் கணக்கை ஒரு முறை சொந்தக் கையால் போடுவது முக்கியம். போட்டவர்களுக்கு மறக்காது.

மற்றபடி விண்வெளியும் அலைப் பாடம்தான். நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறிய முடியாது என்று தத்துவ அறிஞர் ஆகஸ்ட் காம்ட் 1835-இல் எழுதினார். 1868-இல் சூரிய ஒளியின் நிறமாலையில், தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு கிடைத்தது. அதுதான் ஹீலியம். பூமியில் அதைப் பிரித்தெடுக்க 1895 ஆனது. ஒரு விண்மீன் திரளின் நிறமாலைக் கோடுகள் அப்படியே சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தால் அந்தத் திரள் நம்மைவிட்டு விலகிப்போகிறது என்று பொருள். தொலைவில் இருப்பவை அதிக வேகத்தில் விலகுகின்றன என்று ஹப்பிள் 1929-இல் காட்டினார். செம்பெயர்ச்சி என்றால் என்ன என்ற கேள்விக்கு, அலைநீளம் கூடுகிறது, அதிர்வெண் குறைகிறது, கோடுகளின் வரிசை மாறவில்லை என்ற மூன்றையும் எழுதினால் விடை முழுமை.

கதிர்வீச்சுக்கு வந்ததும் பயம் குறுக்கே வரும். மொபைலும் கதிர்வீச்சு, அணுகுண்டும் கதிர்வீச்சு என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருப்போம். முதலில் மின்காந்த நிறமாலையை ஒரு நீளக் காகிதத்தில் இடமிருந்து வலமாக வரைந்தோம்: ரேடியோ, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ், காமா. வலப்பக்கம் போகப் போக அதிர்வெண் கூடும், அலைநீளம் குறையும். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் வேகம் ஒன்றே, நொடிக்கு 3 லட்சம் கி.மீ. 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலையின் நீளம் 3 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளி மீட்டரில் கோடியில் நாலு முதல் ஏழு பங்கு. ஹெர்ஷல் 1800-இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால் எதுவும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி இன்னும் அதிகமாக ஏறியது. அகச்சிவப்பு அப்படித்தான் அகப்பட்டது.

இந்தக் காகிதத்தில் புற ஊதாவின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அதற்கு வலப்பக்கம் இருப்பவை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் உள்ளவை, அயனியாக்குபவை. இடப்பக்கம் இருப்பவற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை, பெரும்பாலும் சூடாக்கும். மொபைல் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது அலையின் ஒரு சின்ன ஆற்றல் பொட்டலத்துக்கு உள்ள ஆற்றல், அயனியாக்கத் தேவையானதில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மொபைலும் காமா கதிரும் ஒரே குடும்பம்தான், ஆனால் கோட்டின் இரு பக்கங்களில் இருப்பவை.

அணுக்கருவிலிருந்து வருபவை மூன்று. ஆல்ஃபாவை ஒரு காகிதம் நிறுத்தும், பீட்டாவைச் சில மில்லிமீட்டர் அலுமினியம் நிறுத்தும், காமாவைத் தடிமனான ஈயமும் முழுதாக நிறுத்தாது, குறைக்கும். அப்படியானால் ஆல்ஃபா ஆபத்தில்லாததா என்று கேள்வி வரும். வெளியே இருந்தால் தோலே தடுத்துவிடும். உள்ளே மூச்சோடு போய்விட்டால், தன் ஆற்றலை எல்லாம் ஒரு சின்ன இடத்திலேயே கொட்டுவதால் மிக மோசம் அதுதான். ஊடுருவும் திறனும் அயனியாக்கும் திறனும் எதிரெதிராகப் போகும் என்பதை வைத்தே மூன்றையும் வரிசைப்படுத்திவிடலாம்.

இதோடு சேர்த்துத் தெளிவாக்க வேண்டியது, கதிர் படுவதும் கதிரியக்கப் பொருள் ஒட்டுவதும் ஒன்றல்ல என்பது. எக்ஸ் கதிர் படம் எடுத்துக்கொண்டவர் கதிரியக்கம் உள்ளவராக மாறிவிடுவதில்லை. இயந்திரத்தை அணைத்ததும் எல்லாம் முடிந்தது. கதிரியக்கத் தூசி உடம்பிலோ துணியிலோ ஒட்டினால்தான், கழுவும்வரை தொடரும். அளவுக்கும் ஒரு பிடி வேண்டும். இயற்கைப் பின்னணியிலிருந்து உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மார்பு எக்ஸ் கதிர் படம் ஒன்று 0.1 அளவில்தான்.

அரை ஆயுட்காலத்துக்கு, அதாவது கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலத்துக்கு, நாங்கள் காசுகளை எடுத்தோம். இருக்கிற சில்லறை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்டுவது, தலை விழுந்தவற்றை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி குலுக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் மீதியை எழுதி வரைபடம் போட்டால் வளைகோடு தானாக வருகிறது. முதலில் சரசரவென்று இறங்கி, பிறகு தயங்கித் தயங்கி. காசு குறையக் குறையக் கோடு ஒழுங்கில்லாமல் துள்ளுவதையும் பார்க்கலாம். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் பாதி என்பது பாதியாக இருக்கும். கடைசிச் சில காசுகள் மிச்சம் இருந்தபோது ஒன்றைக் காட்டி அவள் சொன்னாள்:

"இது இவ்ளோ நேரம் தப்பிச்சிருச்சு அத்தை. அடுத்த தடவை கண்டிப்பா மாட்டும்."

"அந்தக் காசுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

கொஞ்ச நேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணுவுக்கும் வயதாவதில்லை. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கூட்டமாக எத்தனை சிதையும் என்று துல்லியமாகச் சொல்லலாம். இரண்டு அரை ஆயுட்காலம் போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நினைப்பும் அந்தக் காசுகளோடு போயிற்று. கணக்குக்குச் சூத்திரம் தேவையில்லை, அம்புக்குறி போதும். கார்பன்-14-இல் எட்டில் ஒரு பங்குதான் மீதி என்றால்: முழுசு, பாதி, கால், அரைக்கால். மூன்று அம்பு. ஒன்றுக்கு 5,730 ஆண்டு, மொத்தம் 17,190.

கதிரியக்கம் மறுபடி பூமிக்கே கொண்டுபோய் விடுகிறது. சூடான உருண்டை ஒன்று ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டு, கெல்வின் 1862-இல் பூமிக்கு 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள் வயது கொடுத்தார். கதிரியக்கத்தை பெக்கரெல் கண்டதே 1896-இல்தான். 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். பூமிக்குள் இருந்து இன்றும் வெளியேறும் வெப்பத்தில் கணிசமான பங்கு யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 சிதைவதால் வருவது. தட்டு நகர்வை ஓட்டுவதும் உள்ளே இருக்கும் இந்த வெப்பம்தான்.

ஆற்றல் என் வேலைக்கு ரொம்ப நெருக்கமான பாடம். பேரேட்டில் ஒரு கணக்கில் பற்று வைத்தால் இன்னொன்றில் வரவு வந்தாக வேண்டும். ஆற்றலும் அப்படித்தான், எங்கேயோ குறைந்தால் எங்கேயோ கூடியிருக்க வேண்டும். "வீணாகிறது" என்று எழுதும்போதெல்லாம் எங்கே போனது என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதச் சொல்வேன். பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் வெப்பமாகப் போயிருக்கும். பயனுறுதிறன் 100 சதவீதத்தைத் தாண்டி வந்தால், கணக்கில் எங்கோ பிசகு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தப் பாடத்தில் சூத்திரங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதுதான் ருசி. ஒரு லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க, கிலோவுக்குப் பாகைக்கு 4,200 ஜூல் வீதம் 3,15,000 ஜூல் தேவை. அதே ஆற்றலை வைத்து அந்த ஒரு லிட்டரை எவ்வளவு உயரம் தூக்கலாம்? ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல்தான். வகுத்தால் 32 கி.மீ. உயரம் வருகிறது. அவள் இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள், விடை மாறவில்லை. வெப்பம் எவ்வளவு பெரிய செலவு என்று அன்று தெரிந்தது. ஜூல் 1840-களில் எடையைக் கீழே இறங்கவிட்டு, அது சுழற்றும் துடுப்பால் தண்ணீரைக் கலக்கி வெப்பம் அளந்தபோது, ஏறிய வெப்பநிலை ஏன் அவ்வளவு சொற்பமாக இருந்தது என்பதும் இதே கணக்கில் விளங்கும்.

இயக்க ஆற்றலில் வேகம் இருமடியாக வருவதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1,000 கிலோ கார் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 50,000 ஜூல். 20 மீட்டர் வேகத்தில் ஒரு லட்சம் அல்ல, 2 லட்சம். அதே விசையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் நாலு மடங்கு. திறன் என்பது ஆற்றலைச் செலவழிக்கும் வேகம். கிலோவாட் திறனின் அலகு, கிலோவாட்-மணி ஆற்றலின் அலகு, 36 லட்சம் ஜூல். மின் கட்டண ரசீதில் யூனிட் என்று இருப்பது இந்த இரண்டாவதுதான். இதைக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, பெரியவர்களையும் சேர்த்துத்தான்.

பசுங்குடில் விளைவு பற்றிய கேள்வியை நாங்கள் கடைசிக்கு வைத்துக்கொண்டோம், ஐந்து பாடமும் ஒரே விடையில் தேவைப்படுவதால். 5,500 பாகை சூடான சூரியப் பரப்பிலிருந்து வரும் ஆற்றலில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை ஒட்டிய அகச்சிவப்பும். குளிர்ந்த பூமி திருப்பி அனுப்புவது நீண்ட அலைநீள அகச்சிவப்பு. முதலாவதைக் காற்று பெரும்பாலும் விட்டுவிடும், இரண்டாவதை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பிடித்துக்கொள்ளும். வளிமண்டலம் இப்படிப் பிடிக்காவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 பாகை. இப்போது ஏறக்குறைய 15. இதைப் புத்தகம் பாராமல் வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அந்தப் பாடத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

வெற்றுத் தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே படித்தால் தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடினால்தான் உண்மை தெரியும். ஒரு பாடத்தை முடித்த அன்றே அதைக் கேட்கமாட்டேன், சில நாள் கழித்து, வேறு பாடத்தின் நடுவே கேட்பேன். "இப்ப எதுக்கு இத கேக்கறீங்க?" என்பாள். அரைகுறையாக மறந்ததை இழுத்து வெளியே கொண்டுவரும்போதுதான் அது நிலைக்கிறது. தேர்விலும் அலைக் கேள்விக்கு அடுத்தது அலைக் கேள்வியாக இருக்கப்போவதில்லை.

கணக்குகளில் நாங்கள் கடைப்பிடித்தது ஒன்று. எண்ணைப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் மீட்டர், கிலோகிராம், நொடிக்கு மாற்றி ஒரு வரியில் எழுதிவிடுவது. போட்ட பிறகு, இந்த விடை உலகத்தில் நடக்குமா என்று ஒரு பார்வை. ஒருநாள் ஒலியின் அலைநீளம் 4,500 மீட்டர் என்று வந்தது. கிலோஹெர்ட்ஸை ஹெர்ட்ஸாக மாற்றாமல் விட்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அடித்துவிட்டு, ஆயிரத்தால் வகுத்து 4.5 என்று எழுதி அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.